ஏழாவது வார்டில் பதினான்கு சீட்டுகள்

டிசம்பர் பதினொன்று, காலை ஒன்பது நாற்பது. கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் தியாகேசன் தன் மனைவிக்குப் பேப்பர் கப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் வாங்கவில்லை. அவரே குடித்தார்.

நான் எதிர் நாற்காலியில் இருந்தேன். பெயர் எட்வின். சொந்த ஊர் பாளையங்கோட்டை. பென்சில்வேனியா நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். ஒரு தேர்தல் விசாரணைக்காகக் கவுண்டிக்காரர்கள் என்னை அமர்த்தியிருந்தார்கள்.

"தம்பிதான் மொழிபெயர்க்கிறதா?"

"ஆமா சார்."

"நம்ம சேனல் பாக்கிறதுண்டா?"

"எப்பவாவது."

அவர் அதை நம்பவில்லை. தினமும் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தியாகேசன் யூடியூபில் அமெரிக்க அரசியல் பேசுவார். நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். பாதிப் பேர் சென்னையிலும் திருவாரூரிலும் இருந்தார்கள். கவர்னர் ஜனாதிபதியாக வேண்டும் என்று ஒரு வருடம் பேசினார். எதிர்த்து நின்ற செனட்டரைக் கோமாளி என்றார். ஏழாவது வார்டில் இருக்கும் தமிழ் வீடுகளில் ஆண்கள் அவர் சொன்னபடி ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"இவங்க அரசியலே இவ்வளவுதான் தம்பி" என்றார். "நான் தோத்தா எண்ணினவன் திருடன். நீ தோத்தா ஓட்டுப் போட்டவன் திருடன். மூணு தேர்தல் இப்படியே போச்சு. கடைசியில ரெண்டு பேரும் சேந்து ஒரு மெஷினைக் கொண்டாந்து வச்சாங்க. ரெண்டு கட்சியும் சண்டை போடாம நிறைவேத்தின சட்டம் இது ஒண்ணுதான். ஏன்? ரெண்டு பேருக்கும் ஜனங்க மேல நம்பிக்கை இல்ல. அதுல ஒத்துமை."

"கேஸ் பத்திப் பேசக் கூடாது சார்."

"கேஸ் பத்தியா பேசுறேன்? நாட்டைப் பத்திப் பேசுறேன்."

அவர் சொன்னதில் தவறில்லை. அந்தச் சட்டத்தின்படி ஓட்டுகள் இரண்டு முறை எண்ணப்படும். முதலில் சீட்டுகள். பிறகு நிழல் எண்ணிக்கை. ஒருவர் யாருக்குப் போட்டிருப்பார் என்று ஓர் இயந்திரம் கணித்துச் சொல்லும். அவருடைய போன், கடை ரசீது, பார்த்த படம், கேட்ட பேச்சு எல்லாம் அதனிடம் இருந்தன. இரண்டு எண்ணிக்கையும் ஒரு வார்டில் மூன்று ஓட்டுக்கு மேல் வேறுபட்டால் விசாரணை. விசாரிக்கப்படுவது சீட்டுதான். இயந்திரத்தை யாரும் விசாரிப்பதில்லை.

தியாகேசன் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளையார் சுழியை இவனுங்களுக்கு எவனோ சொல்லியிருக்கான் தம்பி. வெள்ளைக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? நம்மாளு எவனோதான் காட்டிக் கொடுத்திருக்கான்."



சொன்னது நான்தான். மூன்று வாரம் முன்பு விசாரணை அதிகாரி திருமதி ஹோல்ட் என்னைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். தபாலில் வந்த வாக்குச்சீட்டின் மேல் ஓரம், பத்து மடங்கு பெரிதாக்கியது. அதில் பேனாவால் ஒரு சுழி. கீழே இரண்டு சிறு கோடு. "ஏழாவது வார்டில் பதினான்கு சீட்டுகளில் இது இருக்கிறது. பதினான்கும் கவர்னருக்கு. இது என்ன குறி? ரகசியக் குழுவா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. குழுவும் இல்லை கூட்டமும் இல்லை, எதை எழுதினாலும் முதலில் இதைப் போட்டுவிட்டு எழுதுவது பழக்கம், மளிகைச் சீட்டில்கூடப் போடுவார்கள் என்று விளக்கினேன். கால் மணி நேரம் பேசினேன். காகிதத்தில் போட்டும் காட்டினேன். "எல்லா இந்தியர்களுமா?" என்றார். "இல்லை, தமிழர்கள். அதிலும் நாங்கள் கிறிஸ்தவர்கள் போட மாட்டோம்" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். நல்ல உதவி செய்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வாக்குச்சீட்டில் பெயர் இருக்காது. உறையில்தான் பெயரும் கையெழுத்தும். பிரித்து எடுத்த பிறகு எந்தச் சீட்டு யாருடையது என்று தெரியாது. நான் சொன்ன பிறகு தெரிந்தது. ஏழாவது வார்டில் தபாலில் ஓட்டுப் போட்ட தமிழ் இந்துக்கள் சரியாகப் பதினான்கு பேர். அதில் ஐந்து பெண்கள் செனட்டருக்குப் போட்டிருக்க வேண்டும் என்று நிழல் எண்ணிக்கை சொன்னது. வார்டில் இரண்டு எண்ணிக்கையும் வேறுபட்டதும் சரியாக ஐந்து ஓட்டு.

நேற்று இரண்டு பெண்கள் வந்தார்கள். முதல் பெண் என் கணவர்தான் நிரப்பினார், நான் உறையில் கையெழுத்துப் போட்டேன் என்றாள். அதில் குற்றம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. மதியத்துக்குள் கணவரை அழைத்துப் போய்விட்டார்கள். இரண்டு வருடம் வரை சிறை. குடியுரிமை மறுபரிசீலனை. இரண்டாவது பெண் அதைக் கேள்விப்பட்டு, நானே நிரப்பினேன் என்று சத்தியம் செய்தாள். மாதிரிச் சீட்டில் நிரப்பிக் காட்டச் சொன்னார்கள். கை ஒத்துவரவில்லை. அவள் மீதும் அவள் கணவர் மீதும் வழக்கு.

மூன்றாவது நீலா, தியாகேசனின் மனைவி.

கதவு திறந்தது. தியாகேசன் மனைவியின் காதருகே குனிந்தார். எனக்கும் கேட்டது.

"'நானே நிரப்பினேன்'னு சொல்லு. வேற எதையும் பேசாத."

பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி நம்மாளுதானே."

---

அறையில் ஒரு மேஜை. மேஜையில் ஒலிப்பதிவுக் கருவி. பச்சை விளக்கு எரிந்தது. திருமதி ஹோல்டுக்கு அறுபது வயது இருக்கும். முன்பு பள்ளியில் கணக்கு ஆசிரியை. கெட்டவர் அல்ல. எங்களுக்கு பிஸ்கட் வைத்திருந்தார்.

"உங்கள் முழுப் பெயர்?"

"நீலாயதாட்சி தியாகேசன்."

"வேலை?"

"அரசுப் பள்ளியில உதவியாளர். பேச்சு வராத பிள்ளைங்க வகுப்பு."

ஹோல்ட் காகிதத்தைப் பார்த்தார். "வேலையில் ஆங்கிலம்தானே பேசுகிறீர்கள்? ஆனால் இந்தப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நிரப்பியிருக்கிறீர்கள்."

நான் மொழிபெயர்த்தேன். நீலா அந்தப் படிவத்தைப் பார்த்தாள். அவள் அதை அப்போதுதான் முதல் முறை பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஹோல்டுக்கும் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"வேலைக்கு இங்கிலீஷ் போதும்" என்றாள். "சத்தியத்துக்குத் தமிழ் வேணும்."

ஹோல்ட் உரிமைகளை வாசித்தார். கேள்விக்குப் பதில் சொல்லலாம். மாதிரிச் சீட்டு நிரப்பித் தரலாம். தர மறுக்கலாம். மறுத்தால் இந்தச் சீட்டு பற்றிய வழக்கு மறுத்தவரோடு நின்றுவிடும், குடும்பத்தில் வேறு யார் மீதும் போகாது. ஆனால் அவர் பெயருக்கு எதிரே 'சரிபார்க்க முடியாதவர்' என்று பதியப்படும். பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகும். அந்தப் பட்டியலில் இருப்பவர்கள் அரசுச் சம்பளத்தில் வேலை செய்ய முடியாது.

நேற்று இரண்டு பேருக்கும் இதை வாசித்தார். இருவருமே மறுக்கும் வழியை எடுக்கவில்லை.

"உங்கள் வாக்குச்சீட்டை நிரப்பியது யார்?"

"நான்."

"யாருக்குப் போட்டீர்கள்?"

"அதைக் கேக்கலாமா?"

"பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை."

"அப்ப வேண்டாம்."

ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் மாறியது. நேற்றும் இந்த இடத்தில்தான் மாறியது.

"நான் உங்களைப் பிடிக்க உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் ஓட்டை மீட்க உட்கார்ந்திருக்கிறேன். இயந்திரம் உங்களைத் தொண்ணூற்றேழு சதவீதம் செனட்டர் என்கிறது. மார்ச் மாதத்திலிருந்து உங்கள் போனில் நூற்றுப்பதினான்கு மணி நேரம் செனட்டரின் பேச்சு ஓடியிருக்கிறது. காலை ஐந்தரைக்கு. முழுதாகக் கேட்டிருக்கிறீர்கள். சில இடங்களைத் திரும்பக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் யாராவது, ஒரே ஒரு தடவை, உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டார்களா?"

நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் குரலும் இறங்கியது.

நீலா மடியிலிருந்த கைப்பையின் ஜிப்பைத் தடவினாள்.

"இயந்திரம் கேட்டது" என்றார் ஹோல்ட். "எத்தனை வருடமாக நீங்கள் குடிமகள்?"

"ஒன்பது வருஷம். மூணு தேர்தல்."

"மூன்றிலும் நீங்களேதான் நிரப்பினீர்களா?"

"ஆமா."

அது பொய். எனக்குத் தெரியும். அவளும் எனக்குத் தெரியும் என்று தெரிந்து சொன்னாள்.

"எனக்கு மாதிரி வேண்டும்" என்றார் ஹோல்ட். மாதிரிச் சீட்டு கீழ்த்தளத்தில் பூட்டி இருந்தது. எழுந்து போனார். அதிகாரி அறையில் இல்லாதபோது பதிவு செய்யக் கூடாது என்பது விதி. பச்சை விளக்கு அணைந்தது.

நீலா சிரித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்தாள்.

"அந்த நூத்திப்பதினாலு மணி நேரமும் அவர் சார்."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரர். காலையில என் போனை எடுத்துக்கிட்டு பாத்ரூமுக்குப் போவார். அவர் போன்ல கேட்டா அவர் கணக்குல ஏறிடும்ல. கவர்னர் ஆளு, செனட்டர் பேச்சைக் கேக்கிறார்னு வந்தா சேனல் என்னாகும்? எதிரி என்ன பேசுறான்னு தெரிஞ்சுக்கணும்பார். தெரிஞ்சுக்கட்டும். ஒரே பேச்சை ஏன் சார் ரெண்டு தடவை கேக்கணும்?"

"நீங்க கேட்டீங்களா அவர்கிட்ட?"

"என்னன்னு? ஒரு நாள் கதவு லேசாத் திறந்திருந்தது. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து தலையாட்டிக்கிட்டு இருந்தார். நான் வந்துட்டேன்."

அது புரிய எனக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

"அம்மா, இதை அவங்ககிட்ட சொல்லுங்க. மெஷின் தப்புன்னு ஆயிடும். கேஸே நிக்காது."

"நிக்காதா? அவர் போன் ஒண்ணு சொல்லுது, என் போன் ஒண்ணு சொல்லுது, ரெண்டையும் வச்சிருந்தது அவர்னு சொல்லணும். அப்புறம் அவரை உக்கார வச்சுக் கேப்பாங்க. நாற்பதாயிரம் பேருக்கு ஒரு வருஷமா எதைச் சொன்னே, நீ எதை நம்புறேன்னு. அவருக்கே அதுக்குப் பதில் தெரியுமான்னு எனக்குச் சந்தேகம்."

"அப்ப சீட்டு?"

"அவர்தான் நிரப்பினார். டாக்ஸ், பாஸ்போர்ட், பள்ளிக்கூடப் படிவம், எல்லாம் அவர்தான். கையெழுத்து மட்டும் போடுன்னு நீட்டுவார். இட்லி மாவுக் கையோட போட்டேன். உள்ள என்ன இருந்ததுன்னு பாக்கல. இதெல்லாம் ஒரு குத்தம்னு அவருக்கும் தோணல, எனக்கும் தோணல. நேத்து அந்தப் பொண்ணுக்கும் தோணியிருக்காது."

கொஞ்சம் நிறுத்தி, "அந்த அம்மா பாவம்" என்றாள். "மெஷின் என்னைக் கேட்டதா நினைச்சுக்கிட்டு இருக்காங்க."

காலடிச் சத்தம் கேட்டது. பச்சை விளக்கு எரிந்தது.

நடந்ததை ஹோல்டிடம் சொல்வது என் கடமையா என்று விதிப்புத்தகத்தில் இல்லை. அறையில் அதிகாரி இருக்கும்போது பேசப்படுவதை மட்டுமே மொழிபெயர்க்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஒரு முறை கேட்காமலே விளக்கம் சொன்னேன். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன். அது நல்ல எண்ணத்தினாலா, பயத்தினாலா என்று இப்போதும் பிரிக்க முடியவில்லை.

மாதிரிச் சீட்டு உண்மையான சீட்டைப் போலவே இருந்தது. நீளமான தாள். இரண்டு பக்கம். ஜனாதிபதி, மாநிலத்தின் பொருளாளர், நீதிபதிகள், பள்ளி வாரியம், ஒரு நூலகவரிக் கேள்வி.

"அன்று செய்ததைப் போலவே செய்யுங்கள்" என்றார் ஹோல்ட். "அவசரம் இல்லை."

நீலா பேனாவை எடுத்தாள். மேல் ஓரத்தில் சுழி போட்டாள். கையே அதைப் போட்டது. ஹோல்ட் அதைக் குறித்துக்கொண்டார்.

பிறகு அவள் வாசிக்கத் தொடங்கினாள்.

கவர்னர் பெயருக்கு நேரே ஒரு வட்டத்தை நிரப்பினால் போதும். கை ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். அரை நிமிட வேலை. அவள் முதல் வரியிலிருந்து வாசித்தாள். விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டாள்.

"சார், இந்தப் பள்ளி வாரியத்துல மூணாவது பேர், இவர்தானே சிறப்பு வகுப்புகளை மூடணும்னு சொன்னவர்?"

மொழிபெயர்த்தேன்.

"அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது" என்றார் ஹோல்ட்.

"அவர்தான்" என்றாள் நீலா தனக்குள். வேறொரு வட்டத்தை நிரப்பினாள். தாளைத் திருப்பினாள். நூலகவரிக் கேள்வியை இரண்டு முறை வாசித்தாள். உதடு அசைந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. ஹோல்ட் மணி பார்த்தார்.

"இதற்கு அன்று இவ்வளவு நேரமா எடுத்தீர்கள்?"

"எங்க வகுப்புல ரெண்டு படம் வைப்போம்" என்றாள் நீலா, தலை நிமிராமல். "ஆப்பிள், வாழைப்பழம். பிள்ளை எதைக் காட்டுதோ அது. சிலது பத்து நிமிஷம் காட்டாது. அது கையைப் பிடிச்சு நாம வைக்கக் கூடாது. உக்காந்திருக்கணும். அதுதான் என் வேலை."

ஹோல்ட் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முன்னாள் ஆசிரியை.

கடைசியில் முதல் பக்கத்துக்கு வந்தாள். இடது கையை அணைபோல் வைத்து மறைத்துக்கொண்டு, பேனாவை அழுத்தி, ஒரு வட்டத்தை நிரப்பினாள். எந்த வட்டம் என்று எனக்குத் தெரியவில்லை. ஊதினாள். நான்காக மடித்தாள்.

மொத்தம் பதினொரு நிமிடம்.

ஹோல்ட் கையை நீட்டினார். நீலா தாளைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"திருமதி தியாகேசன், எனக்கு அது வேண்டும்."

"தர மாட்டேன்னு சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"அது வெறும் மாதிரி. எங்கும் எண்ணப்படாது. அதில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. கை மட்டும்தான் வேண்டும்."

"கையைப் பாக்கிறப்ப கண்ணை மூடிக்குவாங்களா?"

அதையும் மொழிபெயர்த்தேன். ஹோல்டின் முகம் சிவந்தது.

"நீங்கள் மறுத்தால் என்ன ஆகும் என்று வாசித்தேன். புரிந்ததா?"

"புரிஞ்சுது. வழக்கு என்னோட நின்னுடும். அவர் மேல வராது. அதானே?"

"ஆம். ஆனால் உங்கள் வேலை..."

"பள்ளிக்கு எப்பத் தெரியும்?"

"இன்று மாலை கடிதம் போகும்."

"கடிதம் கையில கிடைக்கிற வரைக்கும் போகலாமா? நாளைக்கு ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள். வர்றேன்னு சொல்லியிருக்கேன்."

ஹோல்ட் நெடுநேரம் தன் காகிதங்களை அடுக்கினார். அவர் என்ன நினைத்தார் என்று சொல்ல முடியாது. இவள் கணவரைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்திருக்கலாம். இவள்தான் அந்த ரகசியக் குழுவின் தலைவி என்றும் நினைத்திருக்கலாம். அந்த அறையில் இரண்டுமே எழுதிக்கொள்ளும்படி இருந்தன.

"கடிதம் கிடைக்கும் வரை போகலாம்" என்றார்.

மறுப்புப் படிவத்தை நீட்டினார். நீலா அதை முழுதாக வாசித்தாள். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் தானே நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

---

தியாகேசன் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்ததும் முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை.

"இவ்வளவு நேரமா? நேத்து அவங்களுக்கெல்லாம் கால் மணி நேரத்துல முடிஞ்சுதே?"

"முடிஞ்சுது."

"என்னைப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உங்களுக்கு ஒண்ணும் வராது. இனிமே கூப்பிட மாட்டாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கண் கலங்கியிருந்தது. "நம்மளை என்ன பண்ண முடியும் இவங்களால" என்றார். பிறகு எழுந்து அவளுடைய கோட்டை எடுத்துப் பிடித்தார். அவள் கைகளை நுழைத்துக்கொண்டாள். வேலை போனதை அவள் சொல்லவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை.

"எப்படிச் சமாளிச்சே? மாதிரிச் சீட்டு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"நிரப்பிக் குடுத்தியா?"

"நிரப்பினேன். குடுக்கல."

"குடுக்கலையா? எங்க அது?"

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள்.

தியாகேசன் முதலில் சிரித்தார். நல்ல வேலை செய்தாய் என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு சிரிப்பு நின்றது. கைப்பையைப் பார்த்தார்.

"சும்மா நிரப்பினியா? எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"கவர்னருக்குத்தானே?"

லிஃப்ட் வந்தது. நீலா உள்ளே போய்த் திரும்பி நின்றாள். எங்கள் இருவரையும் பார்த்தபடி நின்றாள். கதவு மூடத் தொடங்கியது. தியாகேசன் கையை விட்டுத் தடுத்தார்.

"நீலா, உன்னைத்தான் கேக்கிறேன். யாருக்குப் போட்டே?"